வருசமெல்லாம் வென்றவன் கடைசி நாளில் தோற்றால்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலின் வாலில், அமெரிக்காவின் நாஸ்கார் கார் ரேஸில் 2026க்கு சாம்பியனைத் தெரிவு செய்யும் முறையை மறுபடியும் மாற்றிவிட்டார்கள், ரசிகர்களில் பாதிப்பேர் கைதட்ட மீதிப்பேர் கத்துகிறார்கள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இத்தனை பேர் அதைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கனடாவில் ஒரு மச்சான், லண்டனில் ஒரு சித்தப்பா, அவர்கள் அனுப்பிவிட்ட வீடியோ என்று வந்து ஒட்டிக்கொண்ட ஆட்கள்தான் நிறையப்பேர் போல. சரி, இந்த இதழ் முழுக்க அதுதான்.

வட்டமாக ஓடுகிறார்கள், இடப்பக்கமே கிறுகுகிறார்கள். இதற்கு எதற்கு அண்ணன் இத்தனை சட்டம்?
– கல்லடியிலிருந்து ஒரு தம்பி

தம்பி, இந்தச் சட்டச் சண்டை அந்தப் போட்டியோடு கூடப் பிறந்தது. 1949 ஜூனில் சார்லட்டில் முதல் ரேஸ். கடையில் வாங்கிய கார் எப்படி இருக்குமோ அப்படியே கொண்டுவந்து ஓட்ட வேண்டும், அதுதான் நிபந்தனை. க்ளென் டனவே என்பவர் ஃபோர்ட் காரில் முதலாவதாக வந்தார். ஓடி முடிந்தபிறகு காரைக் குனிந்து பார்த்தால், பின்பக்கத்து ஸ்பிரிங்கில் கை வைத்திருக்கிறார்கள். கள்ளச்சாராயம் ஏற்றுகிற கார்களுக்கு அப்படித்தான் செய்வார்கள், பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது, வளைவில் ஆடாது. வெற்றியைப் பறித்து இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். டனவே ஓட்டிய காரின் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போய் அங்கேயும் தோற்றார். முதல் ரேஸே நீதிமன்றம் ஏறிய விளையாட்டு இது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்த வழக்கின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாம்பியன் முறையை ஏன் இப்படி அடிக்கடி மாற்றுகிறார்கள்? 2025 பைனல் பார்த்து எனக்கு வெறுத்தே போச்சு. இனிப் பார்க்கிறதில்லை என்று இருந்தேன், மறுகா சட்டம் மாத்திட்டாங்க என்றாங்க. கொஞ்சம் விளங்குற மாதிரிச் சொல்லுங்க.
– காரைதீவு, ஆசிரியர் ஒருவர்

சேர், உங்கள் வெறுப்புக்கு 2003 இல் இருந்து கணக்குச் சொல்ல வேண்டும். அந்த வருசம் மெட் கென்செத் சாம்பியன். முழுத் தொடரிலும் அவர் வென்றது ஒரேயொரு ரேஸ். ரையன் நியூமன் எட்டு ரேஸ் வென்றும் ஆறாம் இடம்தான். கென்செத் ஒவ்வொரு வாரமும் முன்வரிசைக்குள் வந்து புள்ளியைச் சேர்த்துக்கொண்டே போனார், அவ்வளவுதான். அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தொலைக்காட்சிக்கு அது ருசிக்கவில்லை, சாம்பியன் யாரென்று தொடர் முடிய முன்னமே தெரிந்துவிட்டதே.

உடனே 2004 இல் 'சேஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கடைசிப் பத்து ரேஸுக்கு முன்னால் முன்னணி ஓட்டுநர்களின் புள்ளிகளைக் கிட்டத்தட்டச் சமன் செய்துவிட்டு, இப்ப மோதுங்கள் என்றார்கள். ஜெஃப் கோர்டன் ரசிகர்கள் இன்றைக்கும் பல்லைக் கடிப்பது இதற்காகத்தான், பழைய முறைப்படி எண்ணினால் 2004 உம் 2007 உம் அவருக்கு வந்திருக்கும். 2013 இல் ரிச்மண்டில் கிளின்ட் பொயர் கார் சுழன்று நின்றது அணித்தோழரைச் சேஸுக்குள் சேர்க்கத்தானோ என்று சந்தேகமாக இருக்க, விசாரித்து, அவருடைய அணியின் மார்டின் ட்ரூவெக்ஸை சேஸிலிருந்து தூக்கி நியூமனைப் போட்டார்கள். அதோடு விட்டார்களா? கோர்டனுக்கும் அநியாயம் நடந்துவிட்டது என்று பன்னிரண்டு பேருக்கான இடத்தில் பதின்மூன்றாவது ஆளாக அவரையும் உள்ளே எடுத்தார்கள். சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு மனச்சாட்சியைப் பார்த்து எடுத்த முடிவு அது. எனக்கு அதில் கோபமில்லை, சிரிப்புத்தான்.

பெரிய கூத்து 2014 இல். பதினாறு பேர், மூன்று ரேஸுக்கு ஒருமுறை நாலு பேர் வெளியே, கடைசி நாளில் நாலே பேர், அந்த நாலில் யார் முன்னுக்கு முடிக்கிறாரோ அவரே சாம்பியன். வென்றவனுக்கு முதல் மரியாதை வேண்டும் என்று செய்த முறை அது. முதல் வருசத்திலேயே என்ன நடந்தது? ஒரு ரேஸும் வெல்லாத அதே நியூமன் கடைசி நாலுக்குள் வந்துவிட்டார்! கடைசி ரேஸில் கெவின் ஹார்விக்குக்குப் பின்னால் இரண்டாவதாக முடித்தார். அந்த ஒரு காரை முந்தியிருந்தால் கடைசி நாளில் மட்டும் வென்ற சாம்பியன் என்று எழுத வந்திருக்கும், ஹார்விக் நாஸ்காரின் மானத்தைக் காப்பாற்றினார்.

இப்ப நீங்கள் சொல்கிற 2025. பீனிக்ஸ் மைதானம், டென்னி ஹெம்லின். அந்த வருசம் ஆறு வெற்றி, வாழ்நாளில் அறுபது, ஆனால் சாம்பியன் பட்டம் மட்டும் கைக்கு வரவேயில்லை. அன்றைக்கு அதிக சுற்றுகள் அவர்தான் முன்னால் ஓடினார். முடிய மூன்று சுற்று இருக்கும்போது வில்லியம் பைரனின் டயர் போய், எல்லாரும் வேகத்தைக் குறைத்து வரிசையில் வா என்கிற மஞ்சள் கொடி விழுந்தது. எல்லாரும் டயர் மாற்றுகிற இடமான பிட்டுக்குள் வந்தார்கள். ஹெம்லின் நாலு டயரும் மாற்றினார், கைல் லார்சன் இரண்டு மட்டும் மாற்றி முன்னுக்கு வெளியே போனார். மேலதிகமாகக் கொடுத்த இரண்டு சுற்றில் ஹெம்லினால் எட்டிப்பிடிக்க முடியவில்லை, ஆறாவதாக வந்தார். லார்சன் மூன்றாவது, அது போதும், சாம்பியன். அன்றைக்கு லார்சன் ஒரு சுற்றுக்கூட முன்னால் ஓடவில்லை. மே மாதத்துக்குப் பிறகு அவர் ஒரு ரேஸும் வெல்லவுமில்லை. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் பத்து மாதம் தூக்கம் முழித்துப் பார்த்தவனிடம், அந்தப் பத்து மாதத்தையும் விடு, கடைசி இரண்டு நிமிசத்தைப் பார் என்று சொன்னால் அவன் ரிமோட்டை எறியாமல் என்ன செய்வான்? லார்சனின் ரசிகர்களிலேயே பலர் முழு மனதோடு கொண்டாடவில்லை, அதைத்தான் நாஸ்கார் கவனித்திருக்க வேண்டும்.

கவனித்தார்கள் போலத்தான். 2026க்கு வெளியேற்றம் இல்லை, ஒரே நாள் பைனல் இல்லை. பதினாறு பேர், கடைசிப் பத்து ரேஸ், புள்ளி கூடியவர் சாம்பியன். ஒரு ரேஸ் வென்றால் நேரே உள்ளே என்ற சீட்டையும் கிழித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வெற்றிக்கு 40 புள்ளி இருந்ததை 55 ஆக்கியிருக்கிறார்கள், இரண்டாம் இடத்துக்கு 35. சேஸ் என்ற பழைய பெயரும் திரும்பிவிட்டது. 2004 இல் அந்தப் பெயருக்கே கல்லெறிந்தவர்கள் இப்ப மாலை போடுகிறார்கள், அதுவும் நடக்கத்தான் செய்கிறது. முழு வருசப் புள்ளிதான் வேண்டும் என்கிறவர்கள் இன்னும் அடங்கவில்லை. என்னைக் கேட்டால் நானும் அந்தப் பக்கம்தான், ஆனாலும் நேற்று இருந்ததை விட இது எவ்வளவோ மேல்.

சுவரில் உரசிக்கொண்டே ஐந்து காரை முந்திய வீடியோ பார்த்தேன். அது உண்மையா, கம்ப்யூட்டரில் செய்ததா?
– அக்கரைப்பற்று, உயர்தர மாணவன்

உண்மை தம்பி. 2022 ஒக்டோபர் 30, மார்டின்ஸ்வில். ரொஸ் செஸ்டெய்னுக்குக் கடைசி நாலுக்குள் போக இரண்டு இடம் முன்னேற வேண்டும். இருப்பதோ கடைசிச் சுற்றின் பாதி. அந்த மைதானம் ஒரு சுற்று 850 மீற்றர் அளவுதான், வளைவுகள் காகித கிளிப் மாதிரி இறுக்கம், எல்லாரும் அங்கே பிரேக்கை அழுத்தித்தான் ஆகவேண்டும். இந்த மனிதர் பிரேக்கை விட்டார், ஐந்தாவது கியரைப் போட்டார், காரை வெளிச்சுவரில் சாய்த்து, ஸ்டியரிங்கில் இருந்து கையையும் எடுத்துவிட்டு, காலை அக்ஸிலேட்டரில் ஊன்றிக்கொண்டார். சுவர் காரைத் திருப்பிக்கொண்டு போனது. வலப்பக்கம் முழுக்கப் பொறி பறக்க, உள்ளே பிரேக் பிடித்துப் போய்க்கொண்டிருந்த ஐந்து கார்களையும் நின்ற கார்களைப் போல் தாண்டிவிட்டார். அந்தச் சுற்றுக்கு 18.845 செக்கன், அந்த மைதானத்தில் ஸ்டொக் கார் ஒன்று அதுவரை அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை. வெளியே தள்ளப்பட்டவர் யார் தெரியுமா? அதே ஹெம்லின், பாவம். இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டதற்குச் செஸ்டெய்ன் சொன்ன பதில், சின்ன வயதில் விளையாடிய வீடியோ கேம்.

உலகமே கைதட்டியது. ஓட்டுநர்கள் சிலருக்கு வயிறு கலங்கியது, சுவர் எங்காவது பிளந்திருந்தால் என்ன ஆகும் என்று. நாஸ்கார் அவர் இடத்தைப் பறிக்கவில்லை, மூன்று மாதம் கழித்து, இனி யாராவது இப்படிச் செய்தால் ஏற்கெனவே இருக்கும் பாதுகாப்பு விதியின் கீழ் நேரத் தண்டனை என்று அறிவித்தது. அது நியாயம்தான், முதல் ஆளுக்கு இனாம், அடுத்த ஆளுக்கு அபராதம். ஆனால் 2024 இல் அதே மார்டின்ஸ்வில், அதே கடைசிச் சுற்று, கிறிஸ்டோபர் பெல் வழுக்கிப்போய்ச் சுவரில் ஒட்டி, அப்படியே கொஞ்சத்தூரம் போனார். அதற்கும் அதே சட்டத்தைப் போட்டு அவரை வெளியே அனுப்பினார்கள். வேண்டுமென்று செய்தவனுக்குப் பரிசு, தவறிப்போய்ச் செய்தவனுக்குத் தண்டனை என்று பெல் ரசிகர்கள் இன்னும் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பலில் நானும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறேன்.

நான் இருபது வருசமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். சில்லுக்கு ஒரே நட் என்கிறார்கள், இது பாதுகாப்பா?
– களுவாஞ்சிக்குடி

பாஸ், உங்கள் கேள்விதான் எனக்கு ஆகப் பிடித்தது. 2021 வரைக்கும் சில்லுக்கு ஐந்து நட், நீங்கள் தினமும் கழற்றுகிற மாதிரியேதான். நட்டுகளை முன்கூட்டியே சில்லின் துளைகளில் பசை போட்டு ஒட்டி வைத்திருப்பார்கள், சில்லைத் தூக்கி வைத்ததும் காற்றுத் துப்பாக்கியால் ஐந்தையும் அடிப்பார்கள். ஜக்கை விட்டதும் கார் பறக்கும்.

இதில் நடந்த வேடிக்கை இது. பிட் பாதையில் நின்று நட்டை எண்ணுகிற அதிகாரிகளைக் குறைத்து, 2015 இல் கமராவை நம்பினார்கள். ஐந்து நட்டும் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதையும் அதோடு விட்டார்கள். சில்லு கழன்றால் உங்கள் பாடு, அவ்வளவுதான். அணிகள் சும்மா இருக்குமா? ஒரு நட்டை விட்டால் ஒரு கணம் மிச்சம், அந்தக் கணத்தில் இரண்டு இடம் முன்னால் போகலாம். நாலு நட், சில நேரம் மூன்று என்று ஓட விட்டார்கள். 2016 ஏப்ரலில் டோனி ஸ்டுவர்ட் வாயைத் திறந்து, இது ஆளைக் கொல்லப்போகிறது என்ற அர்த்தத்தில் கடுமையாகப் பேசினார். அவருக்கு 35,000 டொலர் அபராதம் போட்டார்கள். போட்ட சில நாளில், இனி ஐந்து நட்டும் இறுகியிருக்க வேண்டும் என்று சட்டத்தையும் மாற்றினார்கள்! சொன்னவனைத் தண்டித்துவிட்டு, அவன் சொன்னதையே செய்கிறது.

இப்ப நடுவில் ஒரேயொரு பெரிய நட், அலுமினியச் சில்லு 18 அங்குலம். ரேஸ் கார்களுக்கு உலகம் முழுக்க இருக்கிற முறைதான், சரியாக இறுக்கினால் பயமில்லை. இறுக்கம் பிழைத்தால் மட்டும் மொத்தச் சில்லும் ஓடிவிடும், ஐந்தில் இரண்டு பிழைத்தாலும் மீதி மூன்று தாங்குகிற கதை இங்கே இல்லை. 2022 இல் அப்படிச் சில சில்லுகள் கழன்று ஓடின, தலைமை மெக்கானிக்குக்கும் இரண்டு ஆட்களுக்கும் நாலு ரேஸ் தடை என்றார்கள், கடுமை என்று அழுது அடுத்த வருசமே குறைத்தார்கள். பழைய ரசிகர்களுக்கு இதில் ஒரு மனக்குறை, அந்த ஐந்து அடியின் சத்தம் போய்விட்டதாம். நீங்கள் அதை விளங்கிக்கொள்வீர்கள்.

கிரிக்கெட்டில் 2019 உலகக் கிண்ணத்தைப் பவுண்டரி எண்ணிக் கொடுத்தார்களே, அதை விடவா நாஸ்கார் மோசம்?
– ஏறாவூர்

நல்ல கேள்வி நானா. லோர்ட்ஸில் மேட்ச் சமன், சுப்பர் ஓவர் சமன், மறுகா பவுண்டரியை எண்ணினால் இங்கிலாந்து 26, நியூசிலாந்து 17. கிண்ணம் இங்கிலாந்துக்கு. ஒக்டோபரிலேயே ஐசிசி அந்த முறையைத் தூக்கிவிட்டு, ஒருவர் வெல்லும்வரை சுப்பர் ஓவர் என்றது. அந்தச் சட்டம் மொக்கைதான், ஆனால் ஆட்டம் தொடங்க முதலே எழுதியிருந்தது, இரண்டு பேருக்கும் ஒன்று, வில்லியம்சன் முறைப்பாடு செய்யாததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நாஸ்காரில் கோபம் வருகிற இடம் வேறு. 2024 ஓகஸ்டில் ரிச்மண்டில் ஒஸ்டின் டிலன் கடைசிச் சுற்றில் லொகானோவை இடித்துச் சுழற்றி, ஹெம்லினையும் இடித்து, வென்றார். வெற்றி உனக்கு, ஆனால் அந்த வெற்றியால் கிடைக்கும் பிளேஓப் இடம், அதாவது அந்தப் பதினாறு பேருக்குள் ஓர் இடம், உனக்கு இல்லை என்றார்கள். இதற்கு என்ன பெயர்? கோப்பையைக் கொடுத்துவிட்டு அதில் தேநீர் குடிக்காதே என்று சொல்கிற தீர்ப்பு. பிழை என்றால் வெற்றியைப் பறி, சரி என்றால் எல்லாவற்றையும் கொடு.

ஏற்பாட்டாளரே நினைத்த நேரம் மஞ்சள் கொடி காட்டலாமாமே?
– வாழைச்சேனை

ஒருமுறை காட்டினார்கள், 2025 மேயில், வடக்கு வில்க்ஸ்பரோவில் நடந்த ஓல் ஸ்டார் ரேஸில். புள்ளி இல்லாத காட்சிப் போட்டி அது, பரிசு பத்து இலட்சம் டொலர். விபத்து இல்லை, மழை இல்லை, சும்மா கொடி. முன்னால் ஓடிக்கொண்டிருந்த லொகானோ பிட்டுக்குள் வராமல் பாதையிலேயே இருந்தார், பெல் டயர் மாற்றி வந்து கடைசியில் முந்தி வென்றார். காசு விளையாட்டு என்று ஒப்புக்கொண்டு செய்தால் எனக்கு ஆட்சேபமில்லை. இதைப் புள்ளி ரேஸுக்குள் கொண்டுவந்தால் கூப்பிடுங்கள், நானும் சேர்ந்து கத்துகிறேன்.

2024 இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் ஏழு பேர் செத்ததில் இருந்து எனக்கு இந்த ரேஸ்கள் என்றாலே பயம். அமெரிக்காவில் பார்வையாளருக்கு என்ன செய்கிறார்கள்?
– அம்பாறை, ஒரு தாய்

அம்மா, அந்த ஏப்ரல் நாளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 1987 மேயில் டலடேகா மைதானத்தில் பொபி எலிசனின் டயர் வெடித்துக் கார் பறந்து, பார்வையாளர் பக்கத்து வேலியைக் கிழித்தது. பலர் காயப்பட்டார்கள், நல்ல காலம் கார் கூட்டத்துக்குள் போகவில்லை. அதே வாரம் பில் எலியட் மணிக்கு 212.809 மைல் வேகத்தில் தகுதிச் சுற்று ஓடியிருந்தார், 340 கிலோமீற்றருக்கும் மேல். அடுத்த வருசம், 1988, டேடோனாவிலும் டலடேகாவிலும் எஞ்சினுக்குப் போகும் காற்றை மறிக்கும் தகடு கட்டாயமானது. ரசிகர்கள் இதையும் திட்டினார்கள், வேகத்தைக் கொன்றுவிட்டீர்கள் என்று. எல்லாக் காரும் ஒரே வேகத்தில் கூட்டமாக ஓட, ஒருவன் பிழைத்தால் இருபது பேர் மோதுகிற புதுத் தொல்லையும் வந்தது, அதுவும் உண்மை. ஆனாலும் தகுதிச் சுற்றில் எலியட்டின் அந்த எண்ணை இன்றுவரை யாரும் தொடவில்லை, தொடவும் வேண்டாம்.

ஓட்டுநர்களுக்கானது இன்னும் பிந்தி வந்தது. 2000 மேயிலிருந்து 2001 பெப்ரவரிக்குள் அடம் பெற்றி, கென்னி ஏர்வின், டோனி ரோப்பர், டேல் ஏர்ன்ஹார்ட் என்று நாலு பேர் போனார்கள். ஏர்ன்ஹார்ட் இறந்தது டேடோனா 500 இன் கடைசிச் சுற்றில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க. அந்த ஒக்டோபரில்தான் தலையையும் கழுத்தையும் பிடிக்கும் கருவி கட்டாயமானது, பிறகு சுவர்களுக்கு அதிர்ச்சி தாங்கும் தடுப்பும் வந்தது. அதற்குப் பிறகு அந்த முதன்மைத் தொடரின் ரேஸ் எதிலும் ஒரு ஓட்டுநர் சாகவில்லை.

உங்களுக்குப் பிடித்த விசித்திரச் சட்டம் ஏதும் உண்டா, இல்லை எல்லாவற்றையும் திட்டத்தானா?
– திருக்கோவில், தங்கச்சி ஒருவர்

உண்டு தங்கச்சி. 2003க்கு முன்னால் மஞ்சள் கொடி விழுந்தபிறகும் கோட்டைத் தொடும்வரை ஓடலாம், அதாவது முன்னால் ஒருவனின் கார் குறுக்கே கிடக்கும், பின்னால் இருபது பேர் முழு வேகத்தில் வருவார்கள். அந்த செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் டேல் ஜாரெட்டின் கார் நடுப்பாதையில் நின்றுபோய், மற்றவர்கள் அவரைச் சுற்றிப் பறந்ததைப் பார்த்தபிறகு அடுத்த ரேஸிலேயே நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தினால் ஒரு சுற்றுப் பின்தங்கியவன் எப்படி மீள்வது? கொடி விழும்போது பின்தங்கியவர்களில் முதல் ஆளுக்கு அந்தச் சுற்றைத் திருப்பிக் கொடுப்பது என்று வைத்தார்கள். இனாம் சுற்று! ஆரம்பத்தில் எவ்வளவு நக்கல். இன்றைக்கு அது இல்லாத ரேஸை யாருக்கும் நினைத்துப் பார்க்க முடியாது. 2020 இல் வந்த கூம்புச் சட்டமும் அப்படித்தான், மறுபடி தொடங்கும்போது உள்ளே ஓடுவதா வெளியே ஓடுவதா என்று ஓட்டுநரே தெரிவு செய்கிறார். அதற்குப் பாதையில் ஒரு குறி, அவ்வளவுதான் செலவு.

ஃபோர்ட் ரசிகர்களும் செவ்ரோலே ரசிகர்களும் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்?
– கொக்கட்டிச்சோலை

கொக்கட்டிச்சோலையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! கொம்பு முறித்தலில் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து நின்று வசை பாடுகிற ஊர்களுக்குக் கட்சி கட்டுவது பற்றி நான் சொல்லித் தரவா? வித்தியாசம் ஒன்று, அங்கே 2007 இல் மூன்றாவது சேரியாக டொயோட்டா உள்ளே வந்தது, ஜப்பான் கார் எங்கள் ரேஸிலா என்று பெரிய எதிர்ப்பு. நம்ம தெருவில் ஹயஸும் கொறோலாவும் ஓடுகிற ஓட்டத்துக்கு, நமக்கு அந்தக் கோபம் விளங்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், சட்டம் பிழை என்று கத்துகிறவர்களில் பெரும்பாலானோர் தங்கள் ஆள் தோற்ற அன்றைக்குத்தான் கத்துகிறார்கள். 2025 முறை 2014 இல் இருந்தே இருந்தது. இடையில் அதனால் வென்றவர்களின் ரசிகர்கள் வாயே திறக்கவில்லை.

எந்த ரேஸில் இருந்து பார்க்கத் தொடங்கலாம்? நேரம் ஒத்துவருமா?
– கல்முனை

மார்டின்ஸ்வில். சின்ன மைதானம், கார்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே ஓடும், சட்டம் ஒன்றும் தெரியாமலே விளங்கும். வென்றவனுக்கு ஆளுயர மணிக்கூடு கொடுப்பார்கள். நேரம்தான் சங்கடம். ஞாயிறு பிற்பகல் அங்கே மூன்று மணி ரேஸ் என்றால் இங்கே திங்கள் அதிகாலை 12.30, குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தும். சனி இரவு ரேஸ்கள் நமக்கு நல்லது, ஞாயிறு விடிய ஐந்து மணி போல் வரும், தேநீரோடு பார்க்கலாம். ஞாயிறு ரேஸ் பார்த்துவிட்டுத் திங்கள் கந்தோரில் தூங்கி மேலதிகாரியிடம் பிடிபட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.